பாவாயிக்கு வாங்கிய வண்டி

1

பினாங்கில் மோட்டார்கள் பெருகிவிட்டன என்று ஊரில் பேசிக்கொள்வீர்கள். பெருகியது உண்மைதான். ஆனால் சந்தைக்குப் போய் அரிசியும் கருவாடும் சுமந்துகொண்டு திரும்புகிற எங்களைப் போன்றவர்களுக்கு இன்னமும் மட்டக்குதிரை வண்டிதான் கதி. சுமத்திராவிலிருந்து கப்பலில் வருகிற குதிரைகள். சேலத்து ஜட்காக் குதிரையின் பக்கத்தில் நிறுத்தினால் அதன் பிள்ளை என்று நினைப்பீர்கள்.

போன வாரம் என் மகள் கமலத்தோடு அப்படியொரு வண்டியில் ஏறினேன். மூட்டையை மடியில் வைத்து முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். வண்டிக்காரர் மலாய்க்காரர். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். நான் வாடகையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துச் சுருக்குப் பையை அவிழ்த்தேன். இத்தனை வருஷம் இருந்தும் என் மலாய் மீன்கடையைத் தாண்டவில்லை. கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காசு கேக்கலம்மா. பின்னாடி தள்ளி உட்காரணுமாம். முன்னாடி உட்கார்ந்தா குதிரைக்கு முதுகு புண்ணாயிடுமாம்."

பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். வண்டி லேசாக மேலெழுந்து, குதிரை ஒரு பெருமூச்சு விட்டு நடந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு நடுத்தெருவில் நான் அழுதது கமலத்துக்கு மானக்கேடாகப் போய்விட்டது. அவள் பள்ளித் தோழிகள் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். "வீட்டுக்குப் போயி அழும்மா" என்றாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளுடைய சித்தியைப் பற்றித்தான் அழுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சித்தி என்பவள் கமலத்துக்கு ஒரு பெயர் மட்டும்தான். அவள் பாவாயியைப் பார்த்ததே இல்லை.

2

பாவாயி என் தங்கை. சங்ககிரிக்கு மேற்கே, பாறைக் கரடு முடிந்து செம்மண் காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் தோட்டம். தவழ்கிற வயசில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. கைகளை ஊன்றி உட்கார்ந்தபடியே நகர்வாள். அப்படி நகர்ந்து நகர்ந்து அவள் தோளும் கையும் இறுகி, பருத்தி மூட்டையை ஆண்பிள்ளைகள் போலப் புரட்டுவாள். வாய் அதைவிட வலுவு. அம்மா காலமான பிறகு வீட்டை அவள்தான் நடத்துகிறாள். ஐயன், அதாவது எங்கள் அப்பா, அவள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டு வருகிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு நான் ஊருக்குப் போனேன். கல்யாணமாகிக் கப்பலேறிய பிறகு அதுதான் முதல் தடவை. கமலத்துக்குப் பள்ளிக்கூடம் என்று அவளை அவள் அப்பாவிடமே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

போன மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பாவாயி நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை.

"அக்கா, இந்தவாட்டி நானும் உன்ர கூட வாரேன். ஐயனுக்கு வயசாயிருச்சு. அவுரு போன பொறகு நான் பங்காளி ஊட்டுல போயிக் குந்தோணும். அவிய எனக்கு ஒரு மூலைய ஒதுக்கி வெச்சுருக்கறாங்களாம், இப்பவே. எனக்கு அந்த மூல வேண்டாம்."

"நீ அங்க வந்து என்ன பண்ணுவே?"

"இங்க என்ன பண்றனோ அதத்தான். சோறாக்குவேன். உன்ர புள்ளையப் பாத்துக்குவேன்."

கை கால் விளங்காதவர்களைக் கப்பலிலிருந்து இறங்க விடமாட்டார்கள், நோய் பார்க்கிற தீவு முகாமிலேயே நிறுத்தி அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறவர். அங்கே யாரோ பேசிக்கொண்டதாம். அதை அப்படியே பாவாயியிடம் சொன்னேன். அது மெய்யா என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்தால், அப்படியெல்லாம் இல்லை, தாராளமாக வரலாம் என்று எவராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

எங்கள் வீடு ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. ஏற ஒரு செங்குத்துப் படி. வீட்டுக்காரருக்கு முன்கோபம். இதையெல்லாம் நான் என்னிடமே அடுக்கி அடுக்கிச் சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், எனக்குச் சுமக்க மனசில்லை.

பாவாயி உரிப்பதை நிறுத்தவில்லை. தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமுமாகத் தள்ளினாள். அன்று சாயங்காலமே நான் ஐயனிடம், பாவாயிக்கென்று ஒரு வண்டி வாங்கித் தரப்போகிறேன் என்றேன். அவள் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறொன்று. அது எனக்கு அப்போதே தெரியும்.

3

மாட்டு வண்டி வீட்டில் இருந்தது. ஆனால் பாவாயி தனியாக மாடு பூட்ட முடியாது. நுகத்தடியைத் தூக்க நிற்க வேண்டும். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவளே பூட்டி, அவளே ஏறி, அவளே ஓட்டிப் போகிற மாதிரி ஏதாவது கிடைத்தால் என் மனச்சாட்சி கொஞ்சம் வாயை மூடும் என்று நினைத்தேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், அவருடைய பிள்ளைகள் ஏறி விளையாடிய குள்ளக் குதிரை ஒன்று விலைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஐயனும் நானும் மலையேறினோம். குதிரையைப் பார்த்ததும் ஐயன் சிரித்துவிட்டார். அதன் முதுகு அவர் இடுப்புக்கு வந்தது. புசுபுசுவென்று மயிர், கண்ணை மறைக்கும் நெற்றி முடி.

"ஏஞ்சாமி, இது குதிரையா, குதிரைன்னு பேர் வெச்ச ஆட்டுக்கெடாயா?"

எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது. தரையில் உட்கார்ந்த பாவாயியின் கை அதன் முதுகுக்கு எட்டும். சேணத்தை அவளே போடலாம்.

அதோடு துரையின் பிள்ளைகள் போன வண்டியும் இருந்தது. தாழ்ந்த படி, பின்னால் கதவு, இரண்டு பக்கமும் பலகை. பார்க்கப் பொம்மை போல இருந்தது. ஏறுவது சுலபம். ஆனால் ஓட்டுகிறவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை முன்னால் திருப்பிக்கொண்டு லகானைப் பிடிக்க வேண்டும். ஊன்றக் காலில்லாதவள் முதல் மேட்டிலேயே சரிந்துவிடுவாள். வேண்டாம் என்று குதிரையை மட்டும் வாங்கிக்கொண்டோம். துரை வீட்டுக் குதிரை என்பதால் பாவாயி அதற்குச் சின்னத்தொரை என்று பெயர் வைத்தாள். "தொரைக்குத் தண்ணி காட்டுனீங்களா?" என்று அவள் ஐயனை அதட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் நாற்று நடுகிறவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜட்காக்கள் பார்த்தோம். கூண்டு வண்டி. பெரிய குதிரைக்குச் செய்தது. சின்னத்தொரை அதை இழுத்தால் அதன் உயிர் போகும். ஓட்டுகிறவர் குதிரையின் இருபுறமும் நீளும் ஏர்க்கால் கட்டையில் காலைத் தொங்கவிட்டு நுனியில் உட்கார வேண்டும், அதுவும் ஆகாது. கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆசாரியிடமே செய்யச் சொன்னோம். தாழ்ந்த, கூண்டில்லாத சின்ன வண்டி. முன்னால் முதுகுச் சாய்மானத்தோடு ஒரு இருக்கை, இடுப்பைக் கட்டிக்கொள்ள ஒரு வார். பின்னால் முதுகுக்கு முதுகு வைத்தாற்போல் இன்னொரு இருக்கை. அதில் உட்கார்ந்தால் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம். பின் இருக்கை யாருக்கு என்று ஆசாரி கேட்டார். "யாராச்சும் வருவாங்க" என்றாள் பாவாயி.

வார் வேலைக்கு அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவரைப் பிடித்தோம். ஏற்காட்டிலிருந்து வந்த சாமான்களில் பஞ்சு அடைத்த தோல் வளையம் ஒன்று இருந்தது. கழுத்தில் மாட்டி அதை வைத்துத்தான் வண்டியை இழுக்கும். குதிரை கொழுத்திருந்தபோது அளவெடுத்தது. இப்போது அது வழுக்கித் தோளை அரைத்தது. அதற்குப் பதில் மார்புக்குக் குறுக்கே ஒரு அகலப் பட்டை போதும், இளைத்தாலும் கொழுத்தாலும் துளை மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். கொக்கிகளையெல்லாம் இடது பக்கமாகவே, தாழ்வாக வைத்துத் தைக்கச் சொன்னாள் பாவாயி. கண்ணுக்கு மறைப்புப் பட்டை வைக்கட்டுமா என்று அவர் கேட்டபோது மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது.

"அதெதுக்குங்க? பின்னால ஆருன்னு பாக்காம அது எப்பிடிங்க நம்பி நடக்கும்?"

மறைப்பு இல்லாமலே தைத்துக் கொடுத்தார். நான் சீமைப் பித்தளைக் கொக்கியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். குற்றமுள்ள நெஞ்சுக்கு எதை வாங்கினாலும் போதவில்லை.

4

வண்டி வந்த அன்று ஊரே கூடியது. பெண்பிள்ளை, அதுவும் கால் விளங்காதவள், குதிரை வண்டி ஓட்டுவதாவது என்று முணுமுணுத்தவர்களும் வேடிக்கை பார்க்க முன்வரிசையில் நின்றார்கள். பாவாயி தரையில் உட்கார்ந்தபடியே பட்டைகளை மாட்டினாள். தாழ்ந்த படியில் கை ஊன்றி ஒரே எம்பில் ஏறினாள். இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, "அக்கா, ஏறு" என்றாள்.

நான் பின்னால் ஏறினேன். சங்ககிரிச் சந்தை வரை போனோம். வழியெல்லாம் எள்ளுக் காடு பூத்திருந்தது. பின்னோக்கி உட்கார்ந்ததில் பாவாயியின் முகம் எனக்குத் தெரியவில்லை, அவள் பாட்டு மட்டும் கேட்டது. அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பார்த்தாயா, உன்னை விட்டுவிட்டுப் போனாலும் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை என்று எனக்குள் ஒரு இறுமாப்பு வந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்த மாதம் தினமும் இரண்டு பேரும் போனோம். திருச்செங்கோடு கூடப் போய் வந்தோம். அப்புறம் எனக்குத் துணி எடுக்க, சொந்தக்காரர்களைப் பார்க்க என்று நாமகிரிப்பேட்டைப் பக்கம் போக வேண்டி வந்தது. நாலைந்து நாள் பாவாயி தனியாக வண்டி ஓட்டினாள். திரும்பி வந்து பார்த்தால் சின்னத்தொரை தொழுவத்தில் நிற்கிறது, சேணம் போடும் இடத்தில் தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருக்கிறது. பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ இருக்கறப்ப துள்ளிக்கிட்டு நடக்குது. நான் ஒருத்தியா ஏறுனா நாலடி வெச்சு நின்னுக்குது, காத மடிக்குது. கையவுட்டுப் பாத்தா இப்பிடி. நாம வண்டியத் தப்பாப் பண்ணிப்போட்டோம் அக்கா."

எங்கள் சனத்துக்குத்தான் இந்தத் தப்பு வரும். மாட்டு வண்டிக்கு முன்பாரம் கொஞ்சம் வேண்டும். பின்பக்கம் கனத்தால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கிவிடும். பால் குடிக்கிற வயசிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஐயனும் ஆசாரியும் சேர்ந்து அந்தப் பழக்கத்தில் முன் இருக்கையை அச்சுக்கு நன்றாக முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். குதிரை வண்டியில் நுகத்தடி ஏது? முன்னால் இறங்குகிற பாரமெல்லாம் சேணத்தின் வழியாக முதுகில் உட்காருகிறது. பின்னால் நான் உட்கார்ந்திருந்தவரை என் கனம் அதைச் சரிக்கட்டியிருக்கிறது. நான் கொஞ்சம் பூசின உடம்புக்காரி. அந்த உடம்பு ஒருத்திக்கு உதவியது அந்த ஒரு மாதம்தான். சேலத்தில் அத்தனை ஜட்காக்காரர்கள் நின்றார்களே, ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டோமா என்றால் இல்லை. பரம்பரையாக வண்டி வைத்திருக்கிற பண்ணையக்காரர்கள் ஜட்காக்காரரிடம் போய் வண்டி பற்றிக் கேட்பதா என்ற மிதப்பு எங்களுக்கு.

ஆசாரியை அழைத்தோம். அச்சை முன்னால் நகர்த்தினால் சரியாகும், ஆனால் அடிச்சட்டத்தையே பிரித்துப் போட வேண்டும், கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அதற்குள் எனக்குக் கப்பல் நாள் வந்துவிட்டது. சீட்டை மாற்றிக்கொண்டு இருந்து முடித்துவிட்டு வந்திருக்கலாம். கமலத்துக்குப் பள்ளி, வீட்டுக்காரருக்குச் சோறு என்று காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

5

சங்ககிரி ரயிலடிக்கு என்னைப் பாவாயிதான் கொண்டுவந்து விட்டாள். புண் ஆறியிருந்தது. நான் பின்னால் உட்கார்ந்தேன். என் பெட்டியோடு ஐயன் மாட்டு வண்டியில் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் என் எதிரே அவரும் மாடுகளும்தான். பாவாயி அன்று பாடவில்லை.

ரயிலடியில் நான் இறங்கினேன். இறங்கியதும் ஏர்க்கால் இரண்டும் தாழ்ந்து, சின்னத்தொரை முதுகை நெளித்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஐயா, அத எடுத்து வெய்யுங்க" என்றாள் பாவாயி.

ஐயன் மாட்டு வண்டியில் என் பெட்டிக்கு அடியிலிருந்து சாக்குப் போட்டு மூடிய ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். எங்கள் வீட்டு அம்மிக்கல். அம்மா காலத்தில் விரிசல் விட்டுப் பாதியாக உடைந்து, கிணற்றடியில் துணி துவைக்கக் கிடந்தது. சின்ன வயசில் நான் மிளகாய் அரைத்துக் கை எரிந்த அதே அம்மி. அதைப் பின் இருக்கையில், நான் உட்கார்ந்த சூடு ஆறுவதற்கு முன் வைத்து, கயிற்றால் கட்டினார். ஏர்க்கால் மேலே எழுந்தது.

"இப்ப செரியாப் போச்சு. நீ போயிட்டு வா அக்கா. புள்ளையக் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். ரயில் வரும்வரை கூட நிற்கவில்லை.

6

மட்டக்குதிரை வண்டியில் அழுத மறுநாள் நான் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லாமல்தான் போனேன். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னல், அங்கிருந்து மாடி, மாடியிலிருந்து மறுபடி முதல் ஜன்னல். என் மலாயைக் கேட்டு ஒருவர் சிரித்தார். கடைசியில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். பாவாயியைப் பற்றிச் சொன்னேன்.

"சொந்தக்காரர் பொறுப்பெண்டு கையெழுத்து வைச்சால் இறக்குவினம் அம்மா. டாக்டர் ஒருக்காப் பார்ப்பார், அவ்வளவுதான். இதை நீங்கள் ஏன் இவ்வளவு நாளும் வந்து கேக்கேல்லை?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் எழுந்து வந்தேன்.

வீட்டுக்காரரிடம் இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன்; கோபிக்கவில்லை. "மாமா இருக்கிற வரைக்கும் பாவாயி அங்கேயே இருக்கட்டுமே" என்றார். எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஊரில் இதைப் படிக்கிற யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் வேலை தேடிக் கப்பலில் வந்து இறங்கினான். முகாமில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்களாம். இலை போட்டேன். கமலம் அவன் பேசுகிற கொங்குத் தமிழை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐயன் சுகம்தான், நடை மட்டும் தளர்ந்துவிட்டது என்றான். பாவாயியின் வண்டி எப்படி ஓடுகிறது, ஆசாரி அச்சை நகர்த்தினாரா என்று கேட்டேன்.

"எங்கீங்க! ஆசாரி ரெண்டுவாட்டி உளியோட வந்து நின்னாரு. வேண்டாம், கல்லு இருக்குதுன்னு திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. வாரத்துல நாலு நாளு சந்தைக்குப் போறாங்க. வழியில ஆரு கை காட்டுனாலும் ஏத்திக்குவாங்க. ஆனா கல்ல எறக்குனாத்தானுங்களே பின்னால குந்த முடியும்? அப்ப என்ன சொல்லுவாங்க தெரியுங்களா? 'எங்கக்காளக் கொஞ்சம் எறக்கிக் கால்மாட்டுல வெச்சுட்டு ஏறிக்கங்க'ம்பாங்க. ஊரே அந்தக் கல்ல அக்கான்னுதானுங்க கூப்புடுது."

கமலம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒருநா சந்தையில எறக்கி வெச்சத மறந்துட்டுக் கெளம்பிட்டாங்க. நானுந்தானுங்க பின்னால குந்தியிருந்தேன். பாதி வழி வந்தப்பொறம் ஞாபகம் வந்து வண்டியத் திருப்புனாங்க. மழ வேற புடிச்சுக்கிச்சு. கல்லுத்தானுங்களே, ஆரு தூக்கிட்டுப் போகப் போறா, நாளைக்கு எடுத்துக்கலாமுன்னு நான் சொன்னேன். 'அதெப்பிடிரா, அக்காள அப்பிடியே வுட்டுட்டுப் போக முடியுமா'ன்னு கேட்டுட்டு, நனைஞ்சுக்கிட்டே போயி எடுத்துக்கிட்டுத்தானுங்க வந்தாங்க."

சொல்லிவிட்டு அவன் குழம்பு கேட்டான். நான் சோற்றை வைத்துக்கொண்டே போனேன். போதுமுங்க, போதுமுங்க என்று அவன் இலையின் மேல் கையை மறித்துப் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை.